தும்புத்தடியும் குறிப்புக் கொப்பியும்

(மிருகக்காட்சிச்சாலைப் பணியிலே பராமரிப்பாளர் நிலையிலிருந்து காப்பாட்சியர் நிலைவரை உயரும் வழிபற்றிச் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



இளைஞருக்கு ஏற்ற தொழில் ஒன்றைப்பற்றிச் சில சொல்ல வேண்டுமெனச் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். வைத்தியம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்பனவற்றைப்பற்றிச் சொல்வதற்கு நம்மிடையே வல்லார் பலர் உளர். வீட்டுக்கு வீடு திண்ணையிலே நாள்தோறும் நடக்கும் பேச்சும் அவற்றைப் பற்றியதே. ஆதலின், அதிகம் பேசப்படாத ஒரு தொழிலை எடுத்துக்கொண்டோம். அது மிருகக்காட்சிச்சாலைப் பணி.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது நம்மவர் கொண்ட மோகத்தைக் கேலிசெய்ய எழுந்த வாக்கு அது. ஆயினும் அதனைச் சொல்லுக்குச் சொல் மெய்யாக்கும் இடம் ஒன்று நம் நாட்டில் உண்டு. தெகிவளையிலே பறவைகளையும் விலங்குகளையும் மேய்த்துக் காப்பதற்கென்றே அரசாங்கத் திணைக்களம் ஒன்று இருக்கிறது. பழமொழியை நாவிலே வைத்திருக்கும் பெற்றோர், தம் மகன் அங்கே மேய்க்கப் போகிறேன் என்றால் மட்டும் முகஞ் சுளிக்கின்றனர். “படித்த பிள்ளை சாணம் அள்ளுவதோ?” என்பது அவர்தம் கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம். சாணம் அள்ளத்தான் வேண்டும். அள்ளும்போது அதனை உற்றுப் பார்க்கவும், பார்த்ததை எழுதி வைக்கவும் கற்றவனே இத்தொழிலில் மேலே செல்கிறான். இதுவே எமது விடை. இனி அதனை விரித்துச் சொல்வோம்.

முதலில் நம் நாட்டுச் சாலையின் வரலாறு சிறிது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்திலே காள் ஹாகன்பெக் என்னும் பெயர்பெற்ற விலங்கு வணிகர் இருந்தார். அவருக்குச் சகோதர முறையினரான ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலே தங்கி அதே வணிகத்தைச் செய்தார். பிற நாடுகளுக்கு அனுப்பும் விலங்குகளைத் தெகிவளையிலே சேர்த்து வைத்திருந்தார். அவருடைய கொம்பனி முறிந்தபின், 1936ஆம் ஆண்டு அரசாங்கம் அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. இன்று அத்திணைக்களம் தெகிவளையோடு பின்னவலவிலே 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தையும், 2016இல் திறக்கப்பெற்ற ரிதியகம சபாரிப் பூங்காவையும் பரிபாலித்து வருகிறது. எனவே இத்தொழிலுக்கு நம் நாட்டிலேயே இடமுண்டு.

இத்தொழிலின் படிகளை அடுத்துக் காண்போம். ஆங்கிலத்திலே ‘கீப்பர்’ எனப்படுபவரை நாம் பராமரிப்பாளர் என்போம். விலங்குக்கு உணவிட்டு, கூட்டைக் கழுவி, அதன் நலத்தை அன்றாடம் கவனிப்பவர் அவர். அவருக்குமேல் மூத்த பராமரிப்பாளரும், ஒரு பகுதிக்குத் தலைமை தாங்கும் தலைமைப் பராமரிப்பாளரும் உளர். அதற்குமேல் உதவிக் காப்பாட்சியர், காப்பாட்சியர் என்போர். ‘கியூரேட்டர்’ என்னும் சொல்லையே காப்பாட்சியர் என்கிறோம். எந்த விலங்கை வைத்திருப்பது, எதனை எதனோடு இணைப்பது, எதனைப் பிற சாலைக்கு அனுப்புவது என்பனவற்றை முடிவு செய்பவர் இவரே. எல்லோருக்கும் மேலே பணிப்பாளர். நாடுதோறும் பெயர்கள் சிறிது வேறுபடும். படிகள் ஏறக்குறைய இவையே.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. ‘கியூரேட்டர்’ என்பது இலத்தீன் மொழியிலே ‘கவனிப்பு’ என்னும் பொருளுடைய ‘கூரா’ என்ற சொல்லின் வழிவந்தது. கவனித்துக் காப்பவர் என்பதே அதன் பொருள். ‘கீப்பர்’ என்பதும் காப்பவர் என்றே பொருள்படும். ஆகவே ஏணியின் அடிப்படியிலே நிற்பவருக்கும் மேற்படியிலே நிற்பவருக்கும் பெயர் ஒன்றுதான். வேலையின் பரப்பு விரிகிறதே தவிர வேலை மாறுவதில்லை.

அடிப்படியிலே நிற்பவரின் ஒரு நாளைப் பார்ப்போம். வாயில் திறக்குமுன் முதல் வேலை எண்ணுதல். நேற்று மாலை இருந்த தலைகள் இன்று காலையும் இருக்கின்றனவா? இரண்டாவது வேலை பார்த்தல். நேற்று வைத்த உணவிலே எது மிஞ்சியது? சாணம் இறுகியதா, இளகியதா, அதிலே புழு உண்டா? எந்த மான் கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்கிறது? எந்தப் பறவை சிறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது? இவற்றின் பின்னரே தும்புத்தடியும் தண்ணீர்க் குழாயும் கைக்கு வரும்.

காட்டு விலங்கு தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டிலே தளர்ந்து தோன்றுவது பகைக்கு இரையாகும் ஆதலின், நிற்க முடிகிற வரையில் நலமுள்ளதுபோலவே நின்றுகொண்டிருக்கும். ஒரு பறவை கூட்டின் தரையிலே வந்து குந்திவிட்டால், பல வேளைகளில் வைத்தியருக்கு நேரம் கடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னரே, அது வழக்கமாய் உண்ணும் பழத்தில் பாதியை விட்டுவைத்திருக்கும். அந்தப் பாதிப் பழத்தைக் கண்டவர் பராமரிப்பாளர் ஒருவரே. மிருக வைத்தியர் எவ்வளவு கற்றவராயினும், ‘நேற்று எப்படி இருந்தது?’ என்று பராமரிப்பாளரைக் கேட்டே தொடங்குவார்.

இந்த அறிவு நம்மவருக்குப் புதிதன்று. வன்னியிலே பட்டிமாடு வளர்ப்பவரைப் பாருங்கள். நாற்பது மாட்டின் நடுவே ஒரு மாடு அசைபோடவில்லை என்பதை அவர் கண் நொடியிலே பிடித்துவிடும். அவர் பள்ளிக்கூடத்திலே கற்றது சொற்பமாயிருக்கலாம். ஆனால் அந்தக் கண் பெரிய கல்வி. அவரிடத்திலே இல்லாதது ஒன்றுதான். கண்டதை அவர் எழுதி வைப்பதில்லை. அவரோடு அந்த அறிவும் போய்விடுகிறது.

மூன்றாவது வேலை பூட்டுதல். கொடிய விலங்குகளின் கூட்டுக்கு இரட்டைக் கதவு வைப்பர். ஒன்றைப் பூட்டிய பின்னரே மற்றதைத் திறக்க வேண்டும். விலங்கை உள்ளறைக்கு அனுப்பிப் பூட்டிய பின்னரே வெளியறையிலே கால் வைக்க வேண்டும். பூட்டினேன் என்று நினைப்பது வேறு. பூட்டை இழுத்துப் பார்ப்பது வேறு. இருபது ஆண்டு பழகிய விலங்கானாலும் விதி அதுவே. உலகின் நல்ல சாலைகளிலும் பராமரிப்பாளர் உயிரிழந்ததுண்டு. இளைஞரை அழைக்கும் நாம் இதனை மறைத்தல் தகாது. துணிச்சலைக் காட்ட விரும்புவோர்க்கு இது ஏற்ற இடமன்று. ஒரே பூட்டை நாள்தோறும் சலிப்பின்றி இழுத்துப் பார்க்கும் பொறுமையுடையோர்க்கே இது ஏற்றது.

அடக்கி ஆளுதல் என்ற பழைய முறையும் இன்று பெரிதும் மாறிவிட்டது. ஊசி போடுவதற்காகக் குரங்கைப் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்த காலம் உண்டு. இப்பொழுதோ சிறிது சிறிதாகப் பழக்கி, விலங்கு தானே கம்பியருகே வந்து கையை நீட்டும்படி செய்கின்றனர். நீட்டினால் பழம் கிடைக்கும். நீட்டாவிட்டால் தண்டனை இல்லை. யானை தன் பாதத்தைத் தானே தூக்கி வைத்து நகத்தைச் சீவ இடங்கொடுக்கிறது. இப்பழக்கத்துக்குப் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் செல்லும். கோபக்காரனால் ஆகாத வேலை இது.

இனி, அடிப்படியிலே தொடங்கித் தலைப்படியை அடைந்த ஒருவரைப் பற்றிக் கூறுவோம். அவர் நம் அயல்நாடாகிய இந்தியாவிலே, வங்காளத்திலே வாழ்ந்தவர். இராம் பிரம்ம சான்யால் என்பது பெயர். கல்கத்தா வைத்தியக் கல்லூரியிலே கற்றுக்கொண்டிருந்தபோது கண்பார்வைக் குறைவினால் படிப்பை விட நேர்ந்தது. 1876ஆம் ஆண்டு கல்கத்தாவின் அலிப்பூரிலே மிருகக்காட்சிச்சாலை திறக்கப்பெற்ற காலம் அது. அங்கே கூலியாட்களை மேற்பார்க்கும் சிறு வேலையொன்று அவருக்குக் கிடைத்தது. வைத்தியராக வேண்டிய பிள்ளை விலங்குச் சாணத்தின் நடுவே நின்றால், நம் ஊரிலே என்ன பேசுவார்கள் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

சான்யால் அப்பேச்சுக்குச் செவிகொடுத்திருந்தால் நமக்கு அவர் பெயர் தெரிந்திராது. வைத்தியக் கல்லூரியிலே நோயாளியைப் பார்க்கக் கற்ற முறையிலேயே அவர் கூட்டிலுள்ள விலங்கைப் பார்த்தார். எது எவ்வளவு உண்டது, எப்பொழுது கூடியது, எத்தனை நாளில் ஈன்றது, எந்நோய்க்கு எம்மருந்து கொடுக்கப்பட்டது, மருந்து பலித்ததா என்பனவற்றை எழுதினார். வெள்ளையர் ஆட்சி நடந்த அக்காலத்திலே, அச்சாலையின் அத்தியட்சகராக உயர்ந்த முதல் இந்தியர் அவரே. 1892ஆம் ஆண்டு தம் குறிப்புகளைத் தொகுத்து, கீழ்வங்காளத்திலே அடைபட்ட விலங்குகளைப் பராமரிக்கும் முறைபற்றி ஆங்கிலத்திலே ஒரு கைந்நூல் வெளியிட்டார். விலங்கு விலங்காக எடுத்துக்கொண்டு, அதன் இருப்பிடம், உணவு, இனப்பெருக்கம், நோய் என்பனவற்றைக் கூறும் நூல் அது. அத்துறையிலே முன்னோடி நூலென அறிஞர் அதனை மதிக்கின்றனர். கண்பார்வை குறைந்தவர் என்று படிப்பை விட்டவர், உலகத்தாருக்கு விலங்கைப் பார்க்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

அவர் காலத்திலே நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. 1889ஆம் ஆண்டு அலிப்பூரிலே சுமாத்திராக் காண்டாமிருகம் ஒன்று குட்டி ஈன்றது. அதன்பின் அவ்வினம் மனிதர் காப்பில் ஈன்று குட்டி தேறுவதற்கு உலகம் 112 ஆண்டுகள் காத்திருந்தது. 2001ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துச் சாலையிலே அடுத்த குட்டி பிறந்தது. ‘அண்டலாஸ்’ என்று பெயரிடப்பெற்ற அக்குட்டி வளர்ந்து, 2007இல் தன் மூதாதையரின் சுமாத்திராவுக்கே அனுப்பப்பட்டு, 2012இல் தந்தையாயிற்று. இன்று அவ்வினத்தில் எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. ஒரு கூட்டிலே என்ன நடந்தது என்று ஒருவர் எழுதி வைத்தாரா, இல்லையா என்பது ஓர் இனத்தின் வாழ்வைத் தொடும் காரியமாகிவிடுகிறது. கூடு கழுவுபவரின் கொப்பியை நாம் அற்பமாக எண்ணலாகாது என்பது இதனாலேயே.

இளைஞர்களே, இப்பொழுது நாம் கசப்பான உண்மையொன்றையும் சொல்ல வேண்டும். சான்யால் ஏறிய ஏணி எல்லா இடத்திலும் நேராக நிற்கவில்லை. பல நாடுகளிலே அது நடுவில் முறிந்து, இரண்டு ஏணிகளாகிவிட்டது. பராமரிப்பாளராகப் புகுந்தவர் தலைமைப் பராமரிப்பாளர் நிலையோடு நின்றுவிடுகிறார். அதற்குமேல் ஏறப் பட்டம் கேட்கின்றனர். பட்டம் பெற்று வந்தவரோ உதவிக் காப்பாட்சியராக நேரே மேலே வந்து அமர்கிறார். ஒரு நாளாவது கூடு கழுவினாரா என்று யாரும் கேட்பதில்லை. விளைவு யாது? கீழே கண் இருக்கிறது, எழுத்தில்லை. மேலே எழுத்து இருக்கிறது, கண் இல்லை. நடுவே நிற்கும் விலங்கு நலிகிறது.

இம்முறிவை ஒட்டுவதற்கு இரு திசையிலும் முயற்சி வேண்டும். அடியிலே புகுந்தவர் மாலையிலே படிக்க வேண்டும். பட்டத்தோடு புகுந்தவர் காலையிலே தும்புத்தடியைத் தொட வேண்டும். இவ்விரண்டும் ஆகக்கூடியவையே என்பதற்குச் சான்றுகள் உண்டு.

ஜெரால்ட் டரல் என்பவர் 1925இல் இந்தியாவின் ஜம்செட்பூரிலே பிறந்த ஆங்கிலேயர். அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. 1945ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விப்ஸ்னேட் சாலையிலே பயிற்சிப் பராமரிப்பாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று, டேவிட் பாதிரியாரின் பெயரால் வழங்கும் சீனத்து மானின் கன்றுகளுக்குப் புட்டிப்பால் ஊட்டியது. சீனாவிலே அற்றுப்போய், இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் தோட்டத்திலே மட்டும் தப்பியிருந்த இனம் அது. ஓர் இனம் முழுவதும் இல்லாமற் போகலாம் என்பதும், புட்டிப்பால் ஊட்டும் ஒரு கை அதனைத் தடுக்கலாம் என்பதும் அந்த இளைஞரின் நெஞ்சிலே பதிந்தன. 1959இல் ஜேர்சித் தீவிலே அருகிவரும் இனங்களைக் காப்பதற்கென்றே ஒரு சாலையை நிறுவினார். அச்சீனத்து மானும் 1985இல் தன் நாட்டுக்குத் திரும்பியது.

டரல் அத்தோடு நின்றாரல்லர். சிறு நாடுகளிலிருந்து பராமரிப்பாளரை அழைத்துப் பயிற்றும் முறையைத் தொடங்கினார். 1977இல் மொரீசியஸ் தீவிலிருந்து முதல் மாணவர் வந்தார். அவரே பின்னர்த் தம் நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவுக்குத் தலைவரானார். அத்தீவின் வல்லூறு இனம் 1974இலே காட்டில் நான்கே பறவைகள் என்னும் நிலைக்கு இறங்கியிருந்தது. முட்டையை எடுத்து அடைகாக்கச் செய்து, குஞ்சை வளர்த்து விட்டு, அவ்வினத்தை மீட்டனர். தலைமுறை தலைமுறையாகக் கோழிக்கு அடைவைக்கும் நம் தாய்மார் இவ்வேலையின் நுட்பத்தை எளிதில் விளங்கிக்கொள்வர்.

சகோதரிகளுக்கும் ஒரு சான்று கூறுவோம். பெல் பென்ச்லி என்னும் அமெரிக்க மாது 1925இல் சான் டியேகோ நகரத்துச் சாலையிலே கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தவர். கணக்கோடு நில்லாமல் விலங்குகளையும் பராமரிப்பாளரையும் நாள்தோறும் சென்று கண்டு, கேட்டு, கற்றார். 1927 தொடக்கம் 1953இல் ஓய்வு பெறும்வரை அச்சாலையைத் தலைமை தாங்கி நடத்தியவர் அவரே. பெண்ணால் ஆகாத வேலை என்று இதிலே ஒன்றுமில்லை.

காப்பாட்சியரின் வேலையைச் சிலர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கும் உத்தியோகம் என்று எண்ணுவர். அவர் மேசைமேல் இருப்பது ஒரு வமிசப் புத்தகம். நம் ஊரிலே கலியாணம் பேசுவோர் ஏழு தலைமுறை விசாரிப்பார்கள் அன்றோ? அதே வேலைதான். மங்கோலியக் காட்டுக்குதிரையின் கதையைக் கேளுங்கள். 1960களின் பின் அது காட்டிலே காணப்படவில்லை. இன்று உலகிலுள்ளவை எல்லாம் ஏறத்தாழ ஒரு டசின் குதிரைகளின் சந்ததி. நெருங்கிய உறவுக்குள் இணைந்தால் இனம் நலியும். எனவே 1959 தொடக்கம் ஒவ்வொரு குதிரையின் தாய் தந்தையரையும் ஒரே புத்தகத்திலே பதிந்து, எந்த நாட்டுக் குதிரையை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று நிச்சயித்தனர். 1992 முதல் அவை மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பின. இன்று இத்தகைய பதிவுகள் கணினியிலே, உலகமெங்கும் ஒரே முறையில் நடைபெறுகின்றன. ஆயினும் அக்கணினிக்குள் செல்வது பராமரிப்பாளர் அன்று காலையிலே எழுதியதுதான். அவர் பிழையாக எழுதினால் உலகம் பிழையாகக் கணக்கிடும்.

இவற்றோடு புதிதாய் வந்த விலங்கைத் தனியே வைத்து நோய் பார்த்தல், உணவுச் செலவைத் திட்டமிடல், ஆட்களைப் பயிற்றல், சட்டத்தைக் காத்தல் என்பனவும் அவர் பொறுப்பே. நம் நாட்டிலே 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. அருகிவரும் உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையிலே இலங்கை 1979இல் சேர்ந்தது. இவற்றை அறியாதவர் ஒரு கிளியைக்கூட மாற்ற இயலாது.

பெரியோர்கள் மனத்திலே இன்னொரு கேள்வி எழுந்திருக்கும். ‘சுதந்திரமாய்த் திரியும் உயிரை அடைத்து வைத்தல் தருமமோ?’ என்பது அது. நல்ல கேள்வி. மிருகக்காட்சிச்சாலைகளின் பழைய வரலாறு பெருமைப்படத்தக்கதன்று. நாம் முன்பு கூறிய காள் ஹாகன்பெக் 1880களிலே இத்தீவின் மக்களையே யானைகளோடு கூட்டிச் சென்று ஐரோப்பிய நகரங்களில் காட்சியாக வைத்தார். பார்க்கப்படுவோரின் மனத்தைப் பாராது காட்சி மட்டும் நடத்தினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே மனிதர் 1907இல் ஹம்பேர்க்கிலே கம்பிகளை நீக்கி, அகழி வெட்டி, வெட்டவெளியிலே சிங்கத்தை விட்டார் என்பதும் வரலாறே.

கூட்டின் அளவைவிட, உள்ளே அந்த விலங்குக்கு ஒதுங்க இடமும் செய்ய வேலையும் இருக்கின்றனவா என்பதே முதன்மையானது எனச் சுவிற்சர்லாந்தின் ஹெடிகர் என்னும் அறிஞர் நிறுவினார். பேர்ண், பாசல், சூரிச் என்னும் மூன்று நகரங்களிலே சாலைகளை நடத்தியவர் அவர். ஒவ்வொரு விலங்குக்கும் ‘இவ்வளவு நெருங்கினால் ஓடுவேன்’ என்றொரு தூரம் உண்டு; அத்தூரத்தை மதியாத கூடு சித்திரவதைக் கூடு என்பது அவர் போதித்த பாடம். அத்தூரத்தை அளப்பது யார்? மீண்டும் அந்தப் பராமரிப்பாளரின் கண்தான். ஆகவே, அடைத்து வைத்தல் தருமமோ என்று உள்ளம் நோகின்ற இளைஞரே இத்தொழிலுக்கு மிகவும் வேண்டியவர். அக்கேள்வி எழாதவர் கையிலே திறப்புக்கோவையைக் கொடுப்பதுதான் ஆபத்து.

இத்தகைய புதிய முறைக்கு நம் நாட்டவர் ஒருவர் செய்த தொண்டும் உண்டு. தெகிவளைச் சாலையின் பணிப்பாளராயிருந்த லின் டி அல்விஸ் அவர்களையே, தன் மிருகக்காட்சிச்சாலையை அமைக்கச் சிங்கப்பூர் ஆலோசகராக அழைத்தது. இயற்கையான மறைவுகளும் நீரோடைகளுமே எல்லையாக அமைந்த திறந்த சாலையாக அது 1973இல் திறக்கப்பெற்றது. 1994இல் அங்கே தொடங்கிய இரவுச் சபாரியின் திட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. அச்சாலையின் புகழை உலகறியச் செய்தது ‘ஆ மெங்’ என்னும் ஒராங்குட்டான். ஒரு வீட்டிலே சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு 1971இல் மீட்கப்பட்ட அது, 2008ஆம் ஆண்டு மரிக்கும்வரை அந்நகரத்தாரின் செல்லப்பிள்ளையாயிருந்தது. அதனைப் பல்லாண்டு பராமரித்தவர் அழகப்பசாமி செல்லையா என்னும் தமிழர். திட்டமிட்டவர் இலங்கையர், உடனிருந்து காத்தவர் தமிழர். நம்மவருக்கு இத்தொழில் அந்நியம் என்று யார் சொல்ல வல்லார்?

இனி இளைஞர்க்குச் சில நடைமுறை யோசனைகள்.

முதலாவது, பள்ளியிலே உயிரியலைக் கவனமாகக் கற்க வேண்டும். மேலே கற்க விரும்புவோர்க்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விலங்கியல் உண்டு. பேராதனையிலே மிருக வைத்திய பீடம் உண்டு. பல்கலைக்கழக வாசல் திறவாதோர் மனந்தளர வேண்டாம். வேலையிலே அமர்ந்தபின் கற்கும் வழிகள் இன்று பல.

இரண்டாவது, மொழி. சிங்களமும் ஆங்கிலமும் கைவர வேண்டும். உடன் வேலை செய்வோருடன் பேச ஒன்று. உலகத்தாரின் குறிப்புகளை வாசிக்க மற்றது. தமிழிலே சிந்தித்து எழுதப் பழகுவது இரண்டுக்கும் அடிப்படை.

மூன்றாவது, இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். காட்சிச்சாலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுப் பசுவையோ, முற்றத்துக் கோழியையோ, வளவிலே கூடுகட்டிய புலுனியையோ எடுத்துக்கொள்ளுங்கள். திகதியிட்டு, நேரமிட்டு, கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘கோழி கவலையாயிருந்தது’ என்று எழுதாதீர்கள். ‘காலை 7 மணிக்குத் தீன் வைத்தும் வரவில்லை, இடக்காலை ஊன்றவில்லை’ என்று எழுதுங்கள். ஓராண்டு இவ்வாறு எழுதியவருக்கு நேர்முகப் பரீட்சையிலே சொல்வதற்குப் பொருள் இருக்கும். ஒரு மாதத்திலே சலித்துப்போனவர் வேறு தொழிலை நாடலாம், அதிலும் இழுக்கில்லை.

நான்காவது, சம்பளத்தைப்பற்றி மயக்கம் வேண்டாம். அடிப்படியிலே வருவாய் குறைவு. விடுமுறை நாளிலும் பெருநாளிலும் வேலை உண்டு. விலங்குக்குத் தைப்பொங்கலும் ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. வேலைக்குப்பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாதவர் விலங்கின் நோயை வீட்டுக்குக் கொண்டுபோவார். இவையெல்லாம் தெரிந்தே வர வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கு எமது விண்ணப்பம் ஒன்றே. உங்கள் பிள்ளை நாய்க்குட்டியின் காலுக்கு மருந்து கட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கினால், ‘படிப்பைக் கெடுக்கிறான்’ என்று உடனே விரட்டாதீர்கள். அவனையோ அவளையோ வைத்தியராக்கவும் பொறியியலாளராக்கவும் நீங்கள் ஆசைப்படுவது இயல்பே. ஆயினும் மனமில்லாத வைத்தியரைவிட மனமுள்ள பராமரிப்பாளரே உலகுக்கு வேண்டியவர். அவர் படிக்கவும் எழுதவும் வல்லவராயின் அவரைக் கீழே நிறுத்தி வைக்க எந்த ஏணியாலும் முடியாது. சாணம் அள்ளும் கைக்கு எழுத்தும் தெரிந்திருந்தால், அந்தக் கையிலே ஓர் இனத்தின் நாளை இருக்கக்கூடும்.